மகரந்த ஒவ்வாமையும் மெல்லக் கரையும் ஊசியும்

மாசி பிறந்து குளிர் தணிந்ததும் தில்லிக்கு ஓர் அழகு வந்துவிடுகிறது. ஸ்வெட்டர்கள் பெட்டிக்குள் போகின்றன. பூங்காக்களில் பூக்கள் நிறைகின்றன. ஆனால் சரோஜினி நகர், நேதாஜி நகர், லட்சுமிபாய் நகர், ராமகிருஷ்ணபுரம் பகுதிகளில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதே மாதத்தில்தான் தும்மலும் தொடங்குகிறது. காலையில் எழுந்தவுடன் பத்துப் பதினைந்து தும்மல், குழாய் திறந்தாற்போல் நீராக ஒழுகும் மூக்கு, அரிக்கும் கண், அண்ணத்தில் ஒரு தினவு. சிலருக்கு இரவில் நெஞ்சில் இழுப்பும் சேர்ந்துகொள்ளும். பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு நடப்பதும் இந்த நாட்களில்தான்.

'தில்லித் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை', 'சளி பிடித்திருக்கிறது' என்று சொல்லி ஆண்டுக்கணக்கில் தள்ளிப் போடுகிறோம். ஆனால் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வந்து, ஒரே மாதத்தில் போகும் சளி, சளியே அல்ல. அது பெரும்பாலும் மகரந்த ஒவ்வாமை. இதற்கு மாத்திரையும் மூக்கில் அடிக்கும் மருந்தும் உண்டு. அவை போதாதவர்களுக்கு, ஒவ்வாமையின் போக்கையே மாற்றக்கூடிய ஊசி மருத்துவம் ஒன்றும் உண்டு. அதில் மெல்லக் கரையும் வகை எப்படி வேலை செய்கிறது, யாருக்கு ஏற்றது, எதில் எச்சரிக்கை தேவை என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

குற்றவாளி எந்தப் பூ?

கண்ணைக் கவரும் பூவைத்தான் நாம் முதலில் சந்தேகிக்கிறோம். இது பெரும்பாலும் தவறு. நிறமும் மணமும் தேனும் உள்ள பூக்கள் பூச்சிகளையும் பறவைகளையும் நம்பி வாழ்பவை. அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் அதிகம் பறக்காது. சரக்கொன்றை, குல்மொஹர், செந்நிற இலவம்பூ ஆகியவை இந்த வகை. சித்திரை, வைகாசியில் இலவமரத்திலிருந்து பறக்கும் வெண்பஞ்சைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அது விதையைச் சுமக்கும் பஞ்சே தவிர மகரந்தம் அல்ல. பூஜைக்கு வாங்கும் மல்லிகையும் இந்தக் குற்றப்பட்டியலில் இல்லை. கடுமையான மணம் சிலர் மூக்கை எரிச்சலூட்டலாம். ஆனால் அது ஒவ்வாமையிலிருந்து வேறுபட்டது.

உண்மையான குற்றவாளிகள் பூத்திருப்பதே நமக்குத் தெரியாத மரங்களும் புல்லும் களையும். இவை காற்றை நம்பி வாழ்பவை. காற்றில் விடும் மகரந்தத்தில் மிகப் பெரும்பகுதி வீணாகும் என்பதால் ஏராளமாக உற்பத்தி செய்கின்றன. ஒரு மகரந்தத் துகளின் அளவு பொதுவாக மில்லிமீட்டரில் நூறில் இரண்டு, மூன்று பங்குதான். கண்ணுக்குத் தெரியாது, காற்றில் பல கிலோமீட்டர் போகும்.

தில்லியில் இதை ஆராய்ந்தவர்களுள் முன்னோடிகள் தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள வல்லபாய் படேல் நெஞ்சக நிறுவனத்தார். 1949இல் அடிக்கல் நாட்டப்பட்ட இந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் டாக்டர் ஆர். விசுவநாதன். அங்குள்ள மருத்துவமனை இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவரும் டாக்டர் டி. என். சிவபுரியும் சேர்ந்து, தில்லியில் எந்த மாதத்தில் எந்தச் செடி மகரந்தம் விடுகிறது என்ற நாட்காட்டியை 1960இல் வெளியிட்டார்கள். பிறகு மால் ரோட்டில் உள்ள மரபணுவியல் ஆய்வு நிறுவனத்தாரும் இப்பணியைத் தொடர்ந்தார்கள்.

இந்த ஆய்வுகளிலிருந்து தில்லிக்கு இரண்டு மகரந்தப் பருவங்கள் இருப்பது தெளிவாகிறது. முதலாவது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை. இது பெரும்பாலும் மரங்களின் பருவம். நம் ஊரில் ஆயா மரம் என்றும் இங்கே பாப்டி, சில்பில் என்றும் சொல்லப்படும் மரம், முசுக்கொட்டை எனப்படும் ஷஹ்தூத், சீமைக்கருவேலம் ஆகியவை முக்கியமானவை. இரண்டாவது மழைக்குப் பிறகு, ஆகஸ்டுக் கடைசி முதல் நவம்பர் வரை. இது புல்லும் களையும் பூக்கும் காலம். அருகு போன்ற புல்லினங்கள், முள்ளுக்கீரை முதலான கீரையினக் களைகள், ஆமணக்கு ஆகியவை அப்போது முன்னே நிற்கும். சீமைக்கருவேலம் இந்தப் பருவத்திலும் ஒருமுறை பூக்கும். குளிர்காலத்தில் இங்கே மலிவாகக் கிடைக்கும் பத்துவா, அதாவது நம் சக்கரவர்த்திக் கீரை, வயலில் முற்றிப் பூத்தால் அதுவும் மகரந்தம் தரும். கீரையைச் சமைத்துச் சாப்பிடுவதற்கும் இதற்கும் பொதுவாகத் தொடர்பில்லை.

சீமைக்கருவேலத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து அன்பர்களுக்கு வேலிக்காத்தான் என்ற பெயரில் இது நன்கு பழக்கம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்துக்கு வந்த மரம் இது. 1911இல் தலைநகர் தில்லிக்கு மாறுவதாக அறிவிக்கப்பட்ட பின், பாறையாகக் கிடந்த ரிட்ஜ் குன்றுகளைப் பசுமையாக்க ஆங்கிலேயர்கள் இதை இங்கும் நட்டார்கள். இங்கு இதன் பெயர் விலாயதி கீக்கர். சாணக்கியபுரிக்கு அப்பால் உள்ள ரிட்ஜ் காட்டில் இது அடர்ந்து கிடக்கிறது. ஆகவே இம்மரத்தின் மகரந்தம் ஒத்துக்கொள்ளாத ஒருவர் விடுமுறைக்குப் பரமக்குடி போனாலும் அங்கும் அதே மரம் அவரை வரவேற்கும். 'மெட்ராசுக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் சரியாகிவிடும்' என்று முடிவு செய்வதற்கு முன், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று தெரிந்துகொள்வது அவசியம்.

சரோஜினி நகரின் பழைய குவார்ட்டர்ஸ்களை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்துக்கு 2016இல் ஒப்புதல் கிடைத்தது. அதற்காக மரங்களை வெட்டுவதை எதிர்த்து 2018இல் மக்கள் திரண்டதும், தில்லி உயர் நீதிமன்றம் தலையிட்டதும் நினைவிருக்கும். 'மரம் போனால் தும்மலும் போகும் அல்லவா?' என்று கேட்டவர்களும் உண்டு. போகாது. மகரந்தம் ரிட்ஜிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வரும். தோண்டிப் போட்ட வெற்று நிலத்தில் முதலில் முளைப்பதும் முள்ளுக்கீரை போன்ற களைகள்தான்.

உடலுக்குள் நடப்பது என்ன?

மகரந்தம் நஞ்சு அல்ல. பக்கத்தில் நிற்பவருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஒவ்வாமை உள்ளவரின் உடல் அதை எதிரி என்று தவறாகப் புரிந்துகொள்கிறது. மகரந்தத்தின் புரதத்துக்கு எதிராக 'ஐ.ஜி.ஈ' என்ற எதிர்ப்புப் பொருளை உண்டாக்குகிறது. ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதியரான இஷிசாகா இணையரும், ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிக் ஆகியோரும் 1960களின் பிற்பகுதியில் தனித்தனியே கண்டறிந்த பொருள் இது.

இந்த ஐ.ஜி.ஈ, மூக்கிலும் கண்ணிலும் மூச்சுக்குழலிலும் உள்ள 'மாஸ்ட்' செல்களின் மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். அடுத்த முறை அதே மகரந்தம் வந்து படும்போது அந்தச் செல்கள் வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலான பொருள்களைக் கொட்டுகின்றன. தும்மல், நீர், அரிப்பு, வீக்கம் எல்லாம் அதன் விளைவே. நாம் விழுங்கும் மாத்திரை ஹிஸ்டமினின் வேலையைத் தடுக்கிறது. மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரே வீக்கத்தைத் தணிக்கிறது. இரண்டும் நல்ல மருந்துகளே. ஆனால் உடலின் தவறான எண்ணத்தை அவை மாற்றுவதில்லை. அந்த எண்ணத்தை மாற்ற முயல்வதுதான் ஊசி மருத்துவம். எது ஒத்துக்கொள்ளவில்லையோ அதையே மிகச் சிறு அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, உடலைப் பழக்குவது அதன் அடிப்படை.

நூறாண்டு கடந்த மருத்துவம்

1911இல் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் லெனார்டு நூன் என்ற மருத்துவர் புல் மகரந்தத்தின் சாற்றை நோயாளிகளுக்குத் தோலுக்கடியில் செலுத்தி, முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டார். காசநோயால் அவர் 1913இல் இளவயதிலேயே மறைந்தார். அவருடைய தோழர் ஜான் ஃபிரீமன் பணியைத் தொடர்ந்தார். அதே மருத்துவமனையில் பணியாற்றிய ஃபிராங்க்லாண்டு, 1954இல் முறையான ஒப்பீட்டுச் சோதனை மூலம் இதன் பயனை மெய்ப்பித்தார். ஒவ்வாமை மருத்துவத்துக்கே வாழ்நாளைத் தந்த அவர் 108 வயது வரை வாழ்ந்து 2020இல் காலமானார்.

ஊசி தொடரும்போது உடலில் 'ஐ.ஜி.ஜி 4' என்ற வேறுவகை எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. இது மகரந்தப் புரதத்தை முந்திக்கொண்டு பிடித்து, ஐ.ஜி.ஈயிடம் போய்ச் சேராமல் தடுக்கிறது. அதோடு, உடலின் எதிர்ப்பை அடக்கி ஆளும் ஒருவகை வெள்ளணுக்களும் பெருகுகின்றன. நாட்பட நாட்பட உடல் மகரந்தத்தைப் பொறுத்துக்கொள்ளக் கற்கிறது.

மெல்லக் கரைவது எப்படி?

தொடக்க காலச் சாறு நீர்க் கரைசல். தோலுக்கடியில் போட்டதும் விரைவாக இரத்தத்தில் கலந்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் மிகச் சிறிதளவே தர முடியும், அடிக்கடி தரவேண்டும். அளவு சற்றுக் கூடினாலும் உடம்பெங்கும் ஒவ்வாமை கிளம்பிவிடும் அபாயம் உண்டு. 'மருந்தை ஊசி போட்ட இடத்திலேயே நிறுத்திவைத்துச் சிறிது சிறிதாக வெளிவிட முடியாதா?' என்ற கேள்வி இதிலிருந்துதான் பிறந்தது. 1950களில் எண்ணெயில் குழைத்துப் போட்டுப் பார்த்தார்கள். போட்ட இடத்தில் கட்டியும் சீழும் ஏற்பட்டதால் அந்த முறை கைவிடப்பட்டது.

கைகொடுத்தது நம் வீட்டுப் பொருளான படிகாரத்தின் உறவினர். கலங்கிய தண்ணீர்க் குடத்தில் படிகாரக் கட்டியை இரண்டு சுற்றுச் சுற்றினால் என்ன நடக்கிறது? அதிலுள்ள அலுமினியம் தண்ணீரோடு சேர்ந்து அலுமினியம் ஹைட்ராக்சைடு என்ற பஞ்சு போன்ற பொருளாகிறது. தண்ணீரிலுள்ள மண் துகள்கள் அதில் ஒட்டிக்கொண்டு அடியில் படிகின்றன. இதே அலுமினியம் ஹைட்ராக்சைடு கூழில் மகரந்தப் புரதத்தை ஒட்டவைத்தால் அதுவே மெல்லக் கரையும் ஊசி மருந்து. 1926இல் இங்கிலாந்தில் கிளென்னி என்பவர் தொண்டை அடைப்பான் தடுப்பு மருந்தைப் படிகாரத்தோடு சேர்த்து அதன் ஆற்றலைக் கூட்டினார். அவர் கண்ட வழியே பின்னர் ஒவ்வாமைக்கும் பயன்பட்டது. அலுமினியத்துக்குப் பதிலாகக் கால்சியம் பாஸ்பேட், டைரோசின் ஆகியவற்றில் ஒட்டவைக்கும் தயாரிப்புகளும் உண்டு.

இத்தகைய மருந்தை ஆங்கில வழக்கில் 'டெப்போ' வகை என்பார்கள். டெப்போ என்றதும் நமக்கு பஸ் டெப்போதான் நினைவுக்கு வரும். அது பொருத்தமே. எல்லா பஸ்களும் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்தால் ரிங் ரோடு என்னவாகும்? ஒவ்வொன்றாக வெளிவந்தால்தான் போக்குவரத்து நடக்கும். ஊசி போட்ட இடம் மகரந்தப் புரதத்துக்கு ஒரு டெப்போ. அங்கிருந்து அது மெதுவாக வெளியேறுகிறது. திடீர் எதிர்விளைவின் வாய்ப்பு குறைகிறது. ஊசிகளின் எண்ணிக்கையும் குறைகிறது. அலுமினியம் உடலின் கற்கும் திறனையும் சற்றுத் தூண்டுகிறது.

குறைகளும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் சிலருக்குச் சிறு கட்டி தோன்றிப் பல வாரம் அரிக்கும். மேலும், மெதுவாக வெளியேறுவதால் எதிர்விளைவு வந்தால் அதுவும் தாமதமாக வரலாம். அபாயம் குறைகிறதே தவிர மறைவதில்லை என்பதை மறக்கக் கூடாது.

பெயர் மயக்கம் வேண்டாம்

இக்கட்டுரையில் மிக முக்கியமான பகுதி இது. 'சீசனுக்கு ஒரே ஓர் ஊசி, மூன்று மாதம் தும்மலே வராது' என்று சொல்லி இடுப்பில் போடப்படும் ஊசி ஒன்று உண்டு. அதுவும் மெல்லக் கரைவதே. அதையும் டெப்போ என்பார்கள். ஆனால் அது ஒவ்வாமை மருத்துவம் அல்ல. அது டிரையாம்சினலோன், மெத்தில் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து. இரண்டு நாளில் மூக்கு சுத்தமாகிவிடுவதால் நோயாளிக்கு மகிழ்ச்சி. அடுத்த ஆண்டும் அவரே தேடிப் போகிறார்.

இந்த ஊசி உடலின் தவறைத் திருத்துவதில்லை; உடலின் எதிர்ப்பு முழுவதையும் சில வாரங்களுக்கு அமுக்கி வைக்கிறது. சர்க்கரை நோய் உள்ளவருக்குச் சர்க்கரை ஏறும். அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்ளும். திரும்பத் திரும்பப் போட்டால் எலும்பு பலவீனமாகும். பிள்ளைகளின் வளர்ச்சி பாதிக்கப்படலாம். ஊசி போட்ட இடத்தில் தசை சூம்பிக் குழி விழுவதும் உண்டு. மாத்திரையாக இருந்தால் நிறுத்திவிடலாம். உள்ளே போன டெப்போவைத் திரும்ப எடுக்க வழியில்லை. ஆகவே பருவ ஒவ்வாமைக்கு இதை வழக்கமாகப் பயன்படுத்துவதை ஒவ்வாமை வல்லுநர்கள் ஏற்பதில்லை.

வேறுபாட்டை எளிதில் அறியலாம். ஒவ்வாமை மருத்துவ ஊசி போடுமுன் தோல் சோதனையோ இரத்தச் சோதனையோ நடந்திருக்கும். எந்த மகரந்தம் என்று பெயர் இருக்கும். மேற்கையில் தோலுக்கடியில் சிறிதளவே போடுவார்கள். அளவைக் கூட்டிக்கொண்டே போகும் அட்டவணை ஒன்று தரப்படும். இவை எதுவும் இல்லாமல் 'ஒரே ஊசி' என்றால், 'இது ஸ்டீராய்டா?' என்று தயங்காமல் கேளுங்கள். மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

சோதனையும் தேர்வும்

தோல் சோதனையில் முன்கையில் பல சொட்டுச் சாறுகளை வைத்து மெல்லிய முனையால் லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் கொசுக் கடித்தாற்போல் தடிப்பு எழும்பும் இடத்தை அளப்பார்கள். ஒப்பிடுவதற்காக ஹிஸ்டமின் ஒரு சொட்டும் உப்பு நீர் ஒரு சொட்டும் வைப்பது முறை. சில நாட்களுக்கு முன்பே அலர்ஜி மாத்திரையை நிறுத்தவேண்டும். எத்தனை நாள் என்பதை டாக்டர் சொல்வார்.

தடிப்பு வந்ததெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகாது. தும்மல் வரும் மாதமும், தடிப்புத் தந்த மகரந்தம் பறக்கும் மாதமும் பொருந்த வேண்டும். இதற்கு ஓர் எளிய வழி: வீட்டு நாட்காட்டியில் ஓராண்டு முழுவதும் தும்மல் நாட்களை வட்டமிட்டு வாருங்கள். மாசி, பங்குனியில் மட்டும் வட்டம் விழுந்தால் மரத்தைச் சந்தேகிக்கலாம். புரட்டாசி, ஐப்பசியில் விழுந்தால் புல்லையும் களையையும். ஆண்டு முழுவதும் விழுந்தால் மெத்தைத் தூசியில் வாழும் நுண்பூச்சியோ கரப்பான் பூச்சியோ காரணமாக இருக்கலாம். நவம்பரில் புகைமூட்டத்தோடு வரும் இருமலும் கண்ணெரிச்சலும் பெரும்பாலும் புகையின் வேலை. அதற்கு இந்த ஊசி பயன்படாது. இந்த நாட்காட்டியை டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினால் அவர் வேலை பாதி குறையும்.

பத்துப் பதினைந்து மகரந்தங்களை ஒரே புட்டியில் கலந்து தருவதும் சில இடங்களில் நடக்கிறது. அப்படிக் கலந்தால் ஒவ்வொன்றும் பயன் தராத அளவுக்கு நீர்த்துப்போகும். முக்கியமான ஒன்றிரண்டைத் தேர்ந்து தருவதே நல்லது.

எத்தனை ஊசி? எத்தனை நாள்?

முதல் கட்டத்தில் வாரம் ஓர் ஊசி. எடுத்துக்காட்டாக 0.1, 0.2, 0.4, 0.8 மி.லி. என்று ஏறி, பிறகு அடுத்த வீரியமுள்ள புட்டிக்குப் போவார்கள். இது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சுமார் நான்கு மாதத்தில் உரிய அளவை எட்டியதும், நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒன்று என்று மூன்றாண்டாவது தொடரவேண்டும். சிலருக்கு ஐந்தாண்டு தேவைப்படும். கணக்குப் போட்டால் மூன்றாண்டில் ஏறத்தாழ 40 முதல் 50 ஊசிகள். நீர்க் கரைசல் வகையில் இதைவிடக் கூடுதலாகும்.

இவ்வளவு பொறுமைக்குப் பயன் உண்டா? புல் மகரந்தத்துக்கு மூன்று, நான்கு ஆண்டுகள் ஊசி போட்டு நிறுத்தியவர்களுக்கு அதன் பிறகும் மூன்றாண்டுகள் பயன் நீடித்ததை லண்டன் ஆய்வாளர்கள் 1999இல் வெளியிட்டார்கள். மூக்கு ஒவ்வாமையுள்ள 205 குழந்தைகளைக் கொண்டு ஐரோப்பாவில் நடந்த ஆய்வில், மூன்றாண்டு ஊசி பெற்றவர்களுள் ஆஸ்துமா தோன்றியவர்கள் குறைவு என்பது 2002இல் தெரியவந்தது. எல்லாருக்கும் முழுக் குணம் என்று சொல்ல முடியாது. தும்மலும் மாத்திரைத் தேவையும் கணிசமாகக் குறைவதே எதிர்பார்க்க வேண்டிய பயன். ஆனால் ஆறு மாதத்தில் நிறுத்திவிட்டால் பணமும் நேரமும் வீண். முழு அளவை எட்டி ஓராண்டு ஆகியும் மாற்றமே இல்லை என்றால், தொடரலாமா என்று டாக்டருடன் கலந்து முடிவு செய்யவேண்டும்.

தொடங்கும் மாதத்தை நம் வாழ்க்கைக்கேற்பத் திட்டமிடலாம். மாசித் தும்மல்காரர் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்து ஜூலையில் தொடங்கினால் நவம்பருக்குள் முழு அளவை எட்டலாம். அடுத்த பருவம் தயாராக வரவேற்கலாம். ஐப்பசித் தும்மல்காரர் டிசம்பரில் தொடங்கினால் ஏப்ரலுக்குள் எட்டலாம். மே மாதப் பயணம் இரண்டு ஊசிகளுக்கு இடையே அடங்கும்.

ஊசி போட்ட பின்

பிரிட்டனில் 1957 முதல் இத்தகைய ஊசிகளால் 26 இறப்புகள் நேர்ந்ததாக 1986இல் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. கட்டுக்குள் வராத ஆஸ்துமா உள்ளவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதும் தெரிந்தது. அதன் பிறகு விதிகள் கடுமையாயின. நாமும் பின்வருவனவற்றைக் கடைப்பிடிக்கவேண்டும்.

1. அட்ரினலின் ஊசியும் ஆக்சிஜனும் தயாராக உள்ள இடத்தில் மட்டுமே போட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் போட்டுக்கொள்வதோ, தெரிந்த கம்பவுண்டரிடம் போட்டுக்கொள்வதோ கூடாது.

2. போட்டபின் குறைந்தது அரைமணி, டாக்டர் சொன்னால் ஒரு மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். 'ஆபீசுக்கு நேரமாகிறது' என்று ஓடவேண்டாம்.

3. உள்ளங்கை அரிப்பு, உடம்பெங்கும் தடிப்பு, தொண்டை இறுக்கம், இழுப்பு, தலைசுற்றல் ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். வீடு திரும்பிய பின் வந்தால் தாமதிக்காமல் அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். சரோஜினி நகர்வாசிகளுக்கு சப்தர்ஜங் மருத்துவமனையும் எய்ம்ஸும் கூப்பிடு தூரம்.

4. காய்ச்சலோ இழுப்போ உள்ள நாளில் ஊசியைத் தள்ளிப் போடுங்கள். அன்று கடும் உடற்பயிற்சி வேண்டாம்.

5. இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த நிலையில் அட்ரினலின் சரியாக வேலை செய்யாது.

6. கர்ப்ப காலத்தில் இந்த மருத்துவத்தைப் புதிதாகத் தொடங்குவதில்லை.

ஊர்ப் பயணமும் மாற்றலும்

நம் குடும்பங்களில் சிகிச்சை பாதியில் நிற்பதற்கு முக்கியக் காரணங்கள் இவை இரண்டும்தான். முதலாவதாக, புட்டியை 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்கவேண்டும். ஆனால் உறையக் கூடாது. உறைந்தால் அலுமினியக் கூழ் திரிந்து, ஒட்டியிருக்கும் மருந்தின் தன்மை கெட்டுவிடும். ஃபிரிட்ஜின் ஃபிரீசருக்குள் வைப்பது பெரும் தவறு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஒன்றரை நாள் கொண்டுபோகும்போது பனிக்கட்டியோடு நேரே படாமல் துணியில் சுற்றித் தெர்மாஸில் வையுங்கள். முடிந்தால் புட்டியை எடுத்துப் போகாமல் இரு ஊசிகளுக்கு நடுவே பயணம் வைத்துக்கொள்வதே மேல்.

இரண்டாவதாக, ஊசி அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மருந்தின் பெயர், வீரியம், கடைசியாகப் போட்ட அளவு, தேதி, அதற்குக் கண்ட எதிர்விளைவு எல்லாம் அதில் இருக்கவேண்டும். இடைவெளி நீண்டுவிட்டால் பழைய அளவையே போடுவது ஆபத்து. அளவைக் குறைத்து மீண்டும் ஏற்றவேண்டும். ஆகவே தவறவிட்ட வாரங்களை டாக்டரிடம் மறைக்காதீர்கள். மாற்றல் உத்தரவு வந்தால் புதிய ஊரின் டாக்டருக்கு இந்த அட்டையும் தோல் சோதனை முடிவும் போதும். மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டியதில்லை. வேறு நிறுவனத்தின் புட்டிக்கு மாறினால் மட்டும் அளவை டாக்டர் புதிதாக முடிவு செய்வார்.

சில கேள்விகள்

எல்லாருக்கும் இந்த ஊசி வேண்டுமா? வேண்டாம். ஆண்டில் மூன்று வாரம் தும்மி, மாத்திரையில் அடங்குபவருக்குத் தேவையில்லை. மூக்கு ஸ்பிரேயைப் பருவம் தொடங்கும் முன்பே ஆரம்பித்து நாள்தோறும் முறையாக அடித்தும் தீராதவர்கள், ஆஸ்துமா பக்கம் சாய்பவர்கள், மருந்தின் பக்கவிளைவால் அவதிப்படுபவர்கள் யோசிக்கலாம்.

தேர்வு எழுதும் பிள்ளைக்கு இந்த ஆண்டே பலன் கிடைக்குமா? மாசியில் தொடங்கினால் பங்குனியில் பலன் வராது. இந்த ஆண்டுக்கு, தூக்கம் வராத புதுவகை மாத்திரையும் ஸ்பிரேயும்தான் வழி. பழைய வகை மாத்திரைகள் தேர்வுக் கூடத்தில் தூங்கவைத்துவிடும். மூக்கடைப்பை உடனே திறக்கும் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் அடைப்பு இன்னும் கூடும்.

தேன் சாப்பிட்டால் போதுமா? தேனில் உள்ளது பெரும்பாலும் பூச்சிகள் நாடும் பூக்களின் மகரந்தம். நம்மைத் தும்மவைப்பது காற்றில் பறப்பது. பயன் உண்டென்று சொல்லச் சான்றில்லை.

ஊசிக்குப் பயப்படுபவருக்கு வேறு வழி? நாக்கின் அடியில் வைக்கும் சொட்டும் மாத்திரையும் உண்டு. அவற்றை நாள்தோறும் எடுக்கவேண்டும். அவற்றுக்கும் அதே மூன்றாண்டுப் பொறுமை வேண்டும்.

படேல் நெஞ்சக நிறுவனத்துக்கு எப்படிப் போவது? சரோஜினி நகர் மெட்ரோவில் ஏறி அடுத்த நிலையமான ஐ.என்.ஏ.யில் இறங்கி, மஞ்சள் தடத்தில் மாறி விஸ்வவித்யாலயா நிலையத்தில் இறங்கலாம். புறநோயாளிப் பிரிவு நாட்களை முன்னதாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மத்திய அரசின் சி.ஜி.எச்.எஸ். அட்டை உள்ளவர்கள், சோதனைக்கும் புட்டிக்கும் ஆகும் செலவில் எது திரும்பக் கிடைக்கும் என்பதைத் தங்கள் டிஸ்பென்சரியில் தொடங்கும் முன்பே கேட்டறிவது நல்லது. மூன்றாண்டுச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே தொடங்குங்கள்.

பதறாத காரியம் சிதறாது என்பார்கள். மெல்லக் கரையும் ஊசிக்கு இது முற்றிலும் பொருந்தும். ஒரே நாளில் மூக்கைத் திறக்கும் ஊசி எதை மூடிவைக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். நாற்பது முறை பொறுமையாகப் போடும் ஊசி உடலுக்கு எதைக் கற்றுத் தருகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்த மாதமே நாட்காட்டியில் முதல் வட்டத்தைப் போட்டுவிடுங்கள்.